செல்வி பென்சான் பெண்தான்

செல்வி பென்சானுக்குக் கொட்டை முளைத்திருப்பதை முதலில் கண்டவள் பிகுன். வயிற்றில் புற்று வந்து எழுந்து நடமாட முடியாமல், பின்வாசலை ஒட்டிப் போட்டிருந்த மூங்கில் கட்டிலில் கிடந்தவளுக்கு முற்றத்தில் இருந்த மூன்று கஞ்சாத் தொட்டிகளைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கணுவும் அவளுக்கு மனப்பாடம்.

"யோவ், இங்க வா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நடுவுல நிக்கிறவ பொம்பளை இல்ல."

புன்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டிகளின் முன்னால் குந்தினான். ஓரத்தில் இருந்த இரண்டு செடிகளிலும் கிளை தண்டோடு சேருகிற இடத்தில் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு மொக்கு. அதன் நுனியிலிருந்து இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. நடுச்செடியில் மயிரே இல்லை. கணுவுக்குக் கணு குட்டிக் காம்பில் வழவழவென்று ஒரு பச்சை உருண்டை, மிளகைவிடச் சின்னது, தொங்கிக்கொண்டிருந்தது. சில கணுவில் இரண்டு. செடியும் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு ஒரு முழம் கூடுதலாக, இலை குறைந்து, வெடவெடவென்று வளர்ந்திருந்தது.

"உருண்டையா என்னமோ இருக்கு," என்றான்.

"என்னமோவா? உன்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்கு அது தெரியாதா? ஒடிச்சுத் தூரப் போடு. இன்னும் பிஞ்சாத்தான் இருக்கு. வெடிச்சுப் பொடி பறந்துச்சுன்னா மத்த ரெண்டும் விதை புடிச்சுப் போகும். அப்புறம் பூவுல சக்கைதான் மிஞ்சும். எனக்குச் சோறு எறங்காது."

சோறு இறங்குவதுதான் விஷயம். அந்தப் பூவைக் காயவைத்து நெய்யில் வதக்கிக் கொடுத்தால்தான் பிகுன் நாலு வாய் ஒட்டரிசிச் சோற்றை வாந்தியெடுக்காமல் வைத்திருப்பாள். முன்பு அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் புட்டியில் மருந்துக்கென்று கஞ்சா எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் மனமிரங்கிக் கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து மூலிகைப் பட்டியலில் வைத்த பிறகு, வாங் ஹின் மாவட்டத்தில் இல்ல மூலிகை மேன்மை அலுவலகம் என்று ஒன்று திறந்தார்கள். திறந்த மறுவாரமே ஆஸ்பத்திரியில் எண்ணெய் நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக நோயாளி உள்ள வீட்டுக்கு மூன்று கன்றுகள் இலவசம்.

கன்று கொடுத்த விழா இன்னும் ஊரில் பேசப்படுகிறது. தொட்டி ஒவ்வொன்றிலும் 'நூற்றுக்கு நூறு பெண்' என்று இளஞ்சிவப்பில் முத்திரை. கன்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகமே பெயர் சூட்டிப் பலகை குத்தியிருந்தது. புன்தான் வீட்டுக்கு வந்தவர்கள் செல்வி தாவ்ருங், செல்வி பென்சான், செல்வி ரூங்ரவி. கன்றுகள் அரசின் சொத்து, வளர்ப்பவர் வெறும் பாதுகாவலர், அலுவலகத்தின் அனுமதியில்லாமல் ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் பறிமுதலாகும், நோயாளியின் பெயரும் நீக்கப்படும் என்று விழாவில் ஒலிபெருக்கியில் மூன்று தடவை வாசித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

புன்தான் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணி அடித்தால் மூடுவான், மணி அடித்தால் திறப்பான். ஒருமுறை ரயில் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தும் மணி அடிக்கவில்லை என்பதால் கேட்டைத் திறந்தே வைத்திருந்தான். ஒரு எருமை செத்தது. விசாரணையில் அவன் விதியை மீறவில்லை என்று தெரிந்து பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான்.

"ஒரு வார்த்தை ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடறேன்," என்றான்.

"பொறந்தது ஆணா பொண்ணான்னு பாக்கறதுக்கு ஆபீஸுக்கா போவ? காலைத் தூக்கிப் பாத்தா முடிஞ்சுது."

"அவங்க கன்னு, பிகுன். நாளைக்கு உன் பேரை எடுத்துட்டாங்கன்னா?"

பிகுன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

அலுவலகத்தில் நல்ல குளிர். கள அலுவலர் வீரபொங், முப்பது வயசிருக்கும், மூலிகை இலை படம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புன்தான் கைகூப்பி விஷயத்தைச் சொன்னான். வீரபொங் பொறுமையாகக் கேட்டார்.

"ஆண் செடின்னு ஒண்ணு கிடையாது மாமா."

"எங்க வீட்ல இருக்குங்களே."

"உங்க வீட்ல இருக்கலாம். திட்டத்துல இல்ல."

"சின்னச் சின்னதா உருண்டை தொங்குதுங்க சார். இப்பவே எடுத்துட்டா மத்த ரெண்டும் பொழச்சுக்கும். எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"எடுக்கணும்னா அது ஆண்னு நாங்க சான்று தரணும். ஆண்னு சான்று தரணும்னா அது மூணாவது ஜன்னல்."

புன்தான் மூன்றாவது ஜன்னலுக்குப் போனான். 'பாலின ஐயங்கள்' என்று எழுதியிருந்தது. உள்ளே நாற்காலிகூட இல்லை. திரும்பி வந்தான்.

"அங்க யாரும் இல்லீங்களே."

"ஆமா, ஆள் போடல. எல்லாமே பெண்ணுங்கறதால தேவைப்படல."

"அப்ப நான் என்ன செய்யறதுங்க?"

"வரிசையில நில்லுங்க," என்றார் வீரபொங், கனிவாகவே.

புன்தான் நின்றான். அலுவலகம் மூடுகிறவரை, ஆளில்லாத ஜன்னலுக்கு முன்னால், தனி ஆளாக வரிசையில் நின்றான். மறுநாளும் வந்து நின்றான். அதற்கு மறுநாள் அவனுக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்று, "ரொம்ப நேரமா நகரலையா?" என்று கேட்டார். வரிசை நீளுவதைப் பார்த்து வீரபொங் பயந்துபோனார். தொப்பியை எடுத்துக்கொண்டு, "வாங்க மாமா, நானே வந்து பாக்கறேன்," என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் செல்வி பென்சானின் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உருண்டைகள் இப்போது குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இறங்கியிருந்தன. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. வீரபொங் முகத்தில் வேர்த்தது. புன்தானின் காதருகே குனிந்து, "மாமா, நான் பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூணு மாசம் இருக்கு," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "கூச்ச சுபாவம் உள்ள பெண்! சில பெண்கள் தாமதமாகத்தான் மலர்வாங்க!"

கட்டிலிலிருந்து பிகுன் கேட்டாள்: "தம்பி, அந்தத் தொங்கறது என்னாது?"

"அது... நகை மாதிரி அத்தை."

"உங்க ஊர்ல பொண்ணுங்க நகையை அங்கதான் போட்டுக்குவாங்களா?"

வீரபொங் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். போகிறபோது புன்தானிடம் அறிவுரை சொன்னார். செடிமேல் பை போட்டு மூடக்கூடாது, மூச்சு முட்டும். தனியாகத் தூக்கி வைக்கக்கூடாது, மனசு உடைந்துபோகும். தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். "செல்வின்னு மரியாதையாக் கூப்பிடுங்க. மேலிடத்துக்கு எழுதறேன். குழு வரும்."

அன்றிலிருந்து புன்தான் காலையில் தண்ணீர் ஊற்றும்போது, "செல்வி பென்சான், நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தான். இரண்டாம் நாள் பிகுனால் பொறுக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒரு ரப்பர் செருப்பை எடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வீசினாள். செல்வி பென்சானின் ஒரு கிளை முறிந்து தொங்கியது.

புன்தான் பதறிப்போனான். ஓடிப்போய் மூங்கில் சிம்பு ஒன்றை வைத்து, பிகுனின் பழைய பாவாடைத் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டான். அந்தக் கிளையில்தான் உருண்டைகள் அதிகம். அது முறிந்தபடியே இருந்திருந்தால் வாடியிருக்கும். கட்டுப்போட்டதில் பிழைத்துக்கொண்டது.

"எனக்கு வாந்தி துடைக்கிற துணியை எடுத்து அதுக்குக் கட்டறியே," என்றாள் பிகுன். "நல்லா வருவய்யா நீ."

*

குழு வருவதற்கு நாளாயிற்று. வண்டிகள் கிடைக்கவில்லையாம். அதற்குள் பச்சை உருண்டைகள் மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாய் பிளக்கத் தொடங்கியிருந்தன.

நாலு வண்டியில் வந்தார்கள். துணை இயக்குநர் ரச்சனிகோர்ன் அம்மையார் வெள்ளைச் சீருடையில் இறங்கினார். ஊர்த்தலைவர் கம்பான் முற்றத்தில் பந்தல் போட்டு, சுட்ட கோழியும் பப்பாளிச் சாலடும் ஏற்பாடு செய்திருந்தார். கோழி புன்தான் வீட்டுக் கோழி. செல்வி பென்சானின் தொட்டிக்குப் பட்டுத்துணி சுற்றினார்கள். மற்ற இரண்டு தொட்டிகளும் படத்தில் விழ வேண்டும் என்று அதன் இரண்டு பக்கமும் நெருக்கி வைக்கப்பட்டன.

அம்மையார் செடியைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தார்.

"என் அன்பான பாதுகாவலர்களே! இந்த வீட்டில் ஒரு சந்தேகம் எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். செடி என்ன காட்டுகிறது என்பது செடியின் சொந்தக் கருத்து. அதில் அலுவலகம் தலையிடாது. ஆனால் நாங்கள் ஆர்டர் கொடுத்தது பெண்ணுக்கு. பில் வந்தது பெண்ணுக்கு. பெரியவர்கள் கையால் வழங்கியது பெண்ணை. இந்த ஒன்றை ஆண் என்று நான் ஒத்துக்கொண்டால், கொடுத்த நாலாயிரம் கன்றையும் போய்ப் பார்க்க வேண்டிவரும். பார்த்தால் என்ன ஆகும்? தெரிந்துவிடும்! தெரிந்த பிறகு யாருக்கு நிம்மதி? எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. அரசாங்கத்தின் கடமை மக்களை நிம்மதியாக வைத்திருப்பது."

கைதட்டல்.

"இருந்தாலும் நாங்கள் சர்வாதிகாரிகள் இல்லை. இது ஜனநாயக நாடு. செல்வி பென்சான் பெண் என்று கருதுபவர்கள் கை தூக்கலாம்."

அலுவலகத்துக்காரர்கள் எல்லாரும் தூக்கினார்கள். வீரபொங் இரண்டு கையையும் தூக்கினார். ஊர்த்தலைவர் தூக்கினார். அடுத்த வருஷம் கன்று கேட்டு மனுப் போட்டிருந்த அண்டை வீட்டுக்காரர்கள் தூக்கினார்கள். கஞ்சா வளர்த்ததற்காக ஒரு காலத்தில் உள்ளே இருந்துவிட்டு வந்த தோங்தேங்கூட, ஆண் எது பெண் எது என்று ஊருக்கே வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தவன், தலையைக் குனிந்தபடி தூக்கினான். கடைசியில் கை தூக்காமல் நின்றவன் புன்தான் ஒருவன்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அம்மையார் சிரித்தபடி காத்திருந்தார். ஒலிபெருக்கி லேசாகக் கீச்சிட்டது.

புன்தானுக்குத் தன் கை கனப்பதாக இருந்தது. பிறகு கனம் போய்விட்டது. கை மேலே இருந்தது.

"ஏகமனதாக!" என்றார் அம்மையார்.

பின்வாசலில் கட்டிலில் கிடந்த பிகுன் அந்தக் கையைப் பார்த்தாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

புகைப்படத்துக்காக அம்மையார் செல்வி பென்சானை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். "மகளே!" என்றார். படக்காரர் இன்னும் நெருங்கச் சொன்னார். இன்னும் நெருங்கி அணைத்து, செல்லமாக ஒரு குலுக்குக் குலுக்கினார். குப்பென்று மஞ்சள் தூள் கிளம்பியது. வெள்ளைச் சீருடையின் தோளிலும் மார்பிலும் படிந்தது. இரண்டு பக்கமும் நெருக்கி வைத்திருந்த செடிகளின் மேல் மெல்ல இறங்கியது.

"அட, பவுடர் போட்டிருக்கா!" என்றார் அம்மையார். எல்லாரும் சிரித்தார்கள். "பெண்ணுங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

அங்கிருந்து நேராக அலுவலகத்தின் முன்மாதிரித் தோட்டத்துக்குப் போனார்கள். வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக வலைப்பந்தலில் வளர்த்த செடிகள் அங்கே வெள்ளை மயிர் நிமிர்ந்து பூத்துக்கொண்டிருந்தன. அம்மையார் சீருடையைக்கூட மாற்றாமல் ஒவ்வொரு செடியையும் தட்டிக்கொடுத்து வந்ததாகச் செய்தியில் போட்டார்கள்.

*

பிகுனின் இரண்டு செடிகளிலும் வெள்ளை மயிர் சுருங்கிப் பழுப்பாகி, மொக்குகள் உப்ப ஆரம்பித்தன. புன்தான் பறித்துக் கொடுத்த ஒரு மொக்கை அவள் நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே பச்சையாக ஒரு விதை.

"பேரப்பிள்ளை," என்றாள்.

புன்தான் இருந்த பூவையெல்லாம் விதை பொறுக்கி வதக்கிக் கொடுத்துப் பார்த்தான். முன்பு எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். இப்போது ஒரு கைப்பிடிக்கும் பாதிக் குணம்தான் இருந்தது. சில நாள் இரண்டு வாய் இறங்கியது. சில நாள் தண்ணீரே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய எண்ணெய்ப் புட்டி ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். நர்ஸ் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல மூணு பெண் செடி இருக்கே, மூணு! எத்தனையோ பேருக்கு ஒண்ணுகூட இல்ல," என்று கடிந்துகொண்டாள்.

இதற்கிடையில் முன்மாதிரித் தோட்டத்துக்கு வியாபாரிகள் வந்தார்கள். ஒருவர் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். விதைகள் உதிர்ந்தன. அவர் மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாளே இயக்குநர் டாக்டர் சித்திசாக் தலைமையில் விசாரணை உட்கார்ந்தது. புன்தானைக் கூட்டிவர வண்டியே அனுப்பினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், அம்மையார், கண்ணை நிமிர்த்தாத வீரபொங். இந்தப் பக்கம் புன்தான்.

"உங்க வீட்ல இருக்கற செல்வி பென்சான் ஆண். தெரியுமா?" என்றார் இயக்குநர்.

புன்தானுக்கு அப்பாடா என்றிருந்தது. "தெரியுங்க ஐயா! அதைத்தாங்க நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

இயக்குநர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் தலையசைத்தார்.

"குறிச்சுக்கோங்க," என்றார் இயக்குநர். "எங்க யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தேங்க."

"நாங்களும்தான் பாத்தோம். குழுவே பாத்துச்சு. ஏகமனதா பெண்ணுன்னு முடிவாச்சு. நீங்களும் கை தூக்கியிருக்கீங்க, போட்டோ இருக்கு. எங்க கன்னு உங்க வீட்டுக்கு வந்தப்போ பெண். இப்போ ஆண். நடுவுல என்ன வந்துச்சு? நீங்க வந்தீங்க."

புன்தான் கைகூப்பினான்.

"விஞ்ஞானம் தெளிவா சொல்லுது," என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "பெண் செடிக்கு மன உளைச்சல் குடுத்தா, அது தாங்க முடியாம ஆண் பூ விடும். அடிக்கறது, ஒடிக்கறது, அன்பில்லாம நடத்தறது. வீரபொங், படத்தைக் காட்டுங்க."

வீரபொங் ஒரு படத்தை நீட்டினார். பாவாடைத் துணிக் கட்டோடு முறிந்த கிளை.

"இது என்ன?"

"அது என் பொண்டாட்டி செருப்பால..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிகுனின் பெயரை எடுத்துவிடுவார்கள். "நான்தாங்க," என்றான்.

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தோள்ல சாஞ்சா அந்தப் பொண்ணு," என்றார். "அப்பவே ஏதோ சொல்ல வந்தா. எனக்குத்தான் புரியல."

முடிவு அன்றைக்கே வந்தது. அரசின் பெண் ஒருத்தியைத் துன்புறுத்தி ஆணாக்கிய குற்றத்துக்குச் சிறைதான் தண்டனை. ஆனால் நோயாளி வீட்டில் இருப்பதால் அலுவலகம் கருணை காட்டியது. செல்வி தாவ்ருங்கும் செல்வி ரூங்ரவியும் களங்கப்பட்டுவிட்டபடியால் எரிக்கப்படுவார்கள். பென்சான் வழக்கின் தடயம் என்பதால் உயிரோடு பாதுகாக்கப்பட வேண்டும். வழக்கு முடிகிறவரை புன்தான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடினால் தடயத்தை அழித்த குற்றம் தனியாகச் சேரும். கடைசியாக, ஊர் ஒலிபெருக்கியில் அவன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆட்கள் வந்து இரண்டு செடிகளையும் பிடுங்கினார்கள். "தம்பி, அதுல கொஞ்சம் பூ இருக்கு, ஒரு கையளவு கிள்ளிக்கிறேனே," என்று பிகுன் கட்டிலிலிருந்து கேட்டாள். விதியில் இடமில்லை என்றார்கள். முற்றத்திலேயே கொளுத்தினார்கள். புகை பின்வாசல் வழியாகக் கட்டில் பக்கம் வந்தது. பிகுன் மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டாள்.

"இழுத்துக்கறேன்யா," என்றாள். "இதையாவது பறிமுதல் பண்ணாம விட்டாங்களே."

பென்சானைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகையில் 'செல்வி'யை அடித்துவிட்டுத் 'திரு' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

*

மன்னிப்புக் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. அலுவலகம் எழுதிக் கொடுத்ததைப் புன்தான் ஒலிவாங்கியில் வாசித்தான். அது ஒலிபெருக்கிக் கம்பங்கள் வழியாக ஊரெங்கும், வயல்வெளியெங்கும், மூங்கில் கட்டில் வரைக்கும் கேட்டது. வாசித்து முடித்ததும் இறங்கப்போனான். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொதுவா சொன்னாப் பத்தாது. மத்தவங்களுக்குப் பாடமா இருக்கணும். எந்தெந்த விதத்துல அன்பு காட்டல? சொல்லுங்க."

"தண்ணி... தண்ணி ஊத்தினேங்க."

"தண்ணி யாரும் ஊத்துவாங்க. பாசமாப் பேசினீங்களா?"

"செல்வின்னு கூப்பிட்டேங்க. நல்லாத் தூங்கினீங்களான்னு கேட்டேங்க."

கூட்டம் சிரித்தது.

"மனசாரக் கேட்டீங்களா?"

புன்தான் யோசித்தான். "இல்லீங்க."

"பாக்கும்போது எப்படிப் பாத்தீங்க?"

"பயந்துதான் பாத்தேங்க."

"பயத்தோட பாத்தா வெறுப்போட பாத்த மாதிரிதான். உங்க வீட்ல இருக்கறவங்களையும் அப்படித்தான் பாப்பீங்களா?"

கூட்டம் இன்னும் சிரித்தது. தோங்தேங் சிரிக்காமல் எழுந்து வெளியே போனான்.

"வாய் விட்டுச் சொல்லுங்க. 'நான் அன்பில்லாதவன்.'"

"நான் அன்பில்லாதவன்," என்றான் புன்தான். கம்பங்கள் எல்லாம் அதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போயின.

வீட்டுக்கு வந்தபோது பிகுன் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு," என்றாள் கண்ணைத் திறக்காமல். "உனக்கு இவ்வளவு நல்ல குரல்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

புன்தான் எழுந்தான். முற்றத்தில் இறங்கிக் கயிற்றைத் தாண்டிப் பென்சானின் தண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். வாழ்நாளில் அனுமதி இல்லாமல் அவன் பிடித்த முதல் பொருள் அதுதான்.

"விடுய்யா," என்றாள் பிகுன். "வெடிச்சு முடிஞ்சு பொடியெல்லாம் கொட்டிட்ட செடி அது. இப்ப ஒடிச்சு என்ன ஆகப்போவுது? சாட்சி செத்துட்டா உன்னைப் புடிச்சுட்டுப் போயிடுவானுங்க. அப்புறம் எனக்கு யாரு மலம் அள்ளுவா? தண்ணி ஊத்து."

புன்தான் கையை எடுத்தான். தண்ணீர் ஊற்றினான்.

குளிர்காலம் தொடங்கியபோது பிகுனுக்குக் கஞ்சித் தண்ணீரும் நின்றுபோயிற்று. வலி வரும்போது புன்தானின் முன்கையைக் கடிப்பாள். அவனும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பிற்பகல் கடிக்கவில்லை. புன்தான் கையை அவள் வாயருகிலேயே வைத்தபடி வெகுநேரம் காத்திருந்தான்.

*

விகாரையில் எரியூட்டும் நாளன்று மாவட்ட அலுவலகமே வந்து இறங்கியது. மலர்வளையத்துக்குப் பதில், சுற்றிலும் பிளாஸ்டிக் பூ ஒட்டிய ஒரு மின்விசிறியை, 'இல்ல மூலிகை மேன்மை அலுவலகத்தின் ஆழ்ந்த அன்புடன்' என்று அட்டை மாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அதைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார்கள். பிக்குகள் ஓதி முடித்ததும் அம்மையார் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"திருமதி பிகுன் எங்கள் திட்டத்தில் சேர்ந்தபோது வலியோடு இருந்தார். இன்று அவருக்கு வலி இல்லை. எங்கள் மூலிகைக் கன்றைப் பெற்ற நாளிலிருந்து கடைசிவரை ஒரு நாளும் வேறு மருந்து கேட்டு அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. இந்த மாவட்டத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்த முதல் பயனாளி அவர்தான் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். சில குடும்பங்களில் சில தவறுகள் நடந்திருக்கலாம். மறைந்தவரின் முன்னிலையில் அதையெல்லாம் நான் சொல்லிக்காட்ட விரும்பவில்லை. நாங்கள் மன்னித்துவிட்டோம்."

கூட்டத்தில் சிலர் கைதட்டப் போய், இடம் தெரிந்து கையைக் கூப்பிக்கொண்டார்கள்.

எரியறைப் படிகளில் எல்லாரும் புகைப்படத்துக்கு நின்றார்கள். நடுவில் பெட்டி, அதன் பின்னால் இயக்குநர், அம்மையார், ஊர்த்தலைவர். அவர்களுக்குப் பின்னால் அலுவலகத்தின் பேனரை நாலு பேர் விரித்துப் பிடித்தார்கள். புன்தான் பெட்டியின் தலைமாட்டில், மூடிமேல் கையை வைத்தபடி நின்றான்.

கேமராவைப் பிடித்திருந்தவர் வீரபொங். வேலை நிரந்தரமாகிவிட்டது. புதுச் சட்டை.

"மாமா," என்றார், "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? பேனர் மறையுது."

புன்தான் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் தள்ளினான். படி முடிந்துவிட்டது. ஒரு படி இறங்கினான், வீரபொங் கையை ஆட்டினார், மறுபடி இறங்கினான். தரைக்கு வந்து, செருப்புகள் கழற்றிக் கிடந்த இடத்தில் நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு மேலே பார்த்தான்.

"ஆங், இப்ப சரியா இருக்கு," என்றார் வீரபொங். "எல்லாரும் தெரியறாங்க."